சிவப்புக் கொடி யார் கையில்?

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு எஃப்.சி. என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி நெருங்கினால் போதும், வண்டி பட்டறைக்குப் போய்விடும். டிங்கரிங், பெயின்டிங், பிரேக், லைட், பின்பக்கம் ஒட்டும் ஒளிரும் பட்டை என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். எல்லாம் முடிந்த பிறகு வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி ரோட்டில் ஏறலாம்.

‘வண்டி என்னுது, டிரைவர் என் ஆளு, பட்டறையும் என்னுது. எஃப்.சி.யும் நானே போட்டுக்கறேன்’ என்று எந்த லாரி முதலாளியும் கேட்டதில்லை. கேட்டால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். கோழித்தீவன மூட்டையை நிறுக்கும் தராசுக்கே வெளியிலிருந்து ஒருவர் வந்து முத்திரை போட வேண்டியிருக்கிறது.

தினமும் சுமார் இரண்டு கோடிப் பேரை ஏற்றிச் செல்கிறது இந்திய ரயில்வே. அங்கே விதியை எழுதுவது ரயில்வே வாரியம். ரயிலை ஓட்டுவதும் அதே வாரியம். விதிப்படி ஓடுகிறதா என்று பார்ப்பதும் பெரும்பாலும் அதே வாரியம்தான்.

இந்த விஷயம் ராசிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் சில மாதங்களாகத் திண்ணைப் பேச்சாக இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் 35 வருஷம் வேலை பார்த்தவர். கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய மகள் வயிற்றுப் பேத்திக்கும் ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கிறது. உதவி லோகோ பைலட். டிப்ளமோ முடித்து, கணினித் தேர்வுகள் எழுதி, கண் பரிசோதனை, உடல் பரிசோதனை எல்லாம் தாண்டி வாங்கிய வேலை.

வீட்டில் சந்தோஷம்தான். ஆனால், பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

அம்மாவின் பயம்

பொம்பளைப் பிள்ளை ரயில் ஓட்டுவதா என்ற பயம் அல்ல அது. அந்தக் கேள்விக்கு மகாராஷ்டிராவின் சுரேகா யாதவ் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநரான அவர், 36 ஆண்டுகள் ஓட்டிவிட்டு 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றார். ராத்திரி டியூட்டி, பல இன்ஜின்களில் இன்னும் கழிவறை இல்லாதது எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். அதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறார். அவரைத் தூங்கவிடாத செய்தி வேறு.

2024 ஜூன் 17. மேற்கு வங்கத்தில் ரங்காபானி ஸ்டேஷன் அருகே நின்றுகொண்டிருந்த கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் ஒரு சரக்கு ரயில் வந்து மோதியது. 10 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சரக்கு ரயிலின் ஓட்டுநரும் ஒருவர். உதவி ஓட்டுநரும் இறந்துவிட்டதாகவே முதலில் செய்தி வந்தது. பிறகுதான் அவர் காயத்தோடு பிழைத்திருப்பது தெரிந்தது. அன்றைக்கே ரயில்வேயின் உயர்மட்டத்திலிருந்து விளக்கம் வந்துவிட்டது: சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை.

“செத்துப்போன மனுசன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லவா போறாரு? பொழுது சாயறதுக்குள்ள அவரு தலையில கட்டிட்டாங்களே அப்பா. நாளைக்கு எம்பொண்ணு அந்த சீட்டுல உக்காந்திருந்தா?” என்று அம்மா கேட்டபோது பெரியவரிடம் உடனடியாகப் பதில் இல்லை.

பேத்திதான் போனைத் தேடி அடுத்த கதையைச் சொன்னாள். மறுமாதம் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அறிக்கை வந்தது. அந்தப் பாதையில் அன்று காலையிலிருந்தே தானியங்கி சிக்னல் பழுது. பழுதான சிக்னலைத் தாண்டிச் செல்ல ஓட்டுநர்களுக்குக் காகிதத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் இல்லை. அதே அனுமதியோடு அன்று வேறு ரயில்களும் அந்தப் பாதையில் போயிருக்கின்றன. விதிப்படி நின்று நிதானமாகப் போனது கஞ்சன்ஜங்கா மட்டும்தான். மற்ற ஓட்டுநர்கள் ஆளுக்கொரு வேகத்தில் போயிருக்கிறார்கள். விதியை யாருக்கும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. சரக்கு ரயில் வேகமாகப் போனது உண்மை. ஆனால், நடக்கக் காத்திருந்த விபத்து இது என்று எழுதிய ஆணையர், பல மட்டங்களில் நடந்த தவறுகளையும் வரிசைப்படுத்தினார்.

“பாருங்கம்மா, வெளியாளு ஒருத்தரு விசாரிச்சதாலதான இது தெரிய வந்துச்சு” என்றாள் பேத்தி.

அம்மா அரைகுறையாகத் தலையாட்டினார்.

கீமேனின் கொடி

பெரியவருக்கு இதைத் தன் வேலையை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே, மாவேலிபாளையம், சங்ககிரி பக்கம்தான் அவருக்கு அதிக காலம் வேலை. அவர் சேர்ந்த காலத்தில் அது பாலக்காடு கோட்டம். சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1-ம் தேதிதான் உருவானது.

கீமேன் என்றால் நடை. தனக்கு ஒதுக்கிய சில கிலோமீட்டர் தண்டவாளத்தை ஒருபக்கம் பார்த்துக்கொண்டே போய், மறுபக்கம் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். தோளில் சுத்தியல், ஸ்பேனர். பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, நாலைந்து டெட்டனேட்டர். கிளிப் கழன்றிருந்தால் அடித்து இறுக்க வேண்டும். போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்க வேண்டும். ஜல்லி சரிந்திருந்தால் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். இறுகியிருக்கும் இரும்பைத் தட்டினால் ஒரு சத்தம், தளர்ந்ததைத் தட்டினால் வேறு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்பார்.

சேலம் வெயிலில் தண்டவாளம் நீளும். மார்கழிப் பனியில் சுருங்கும். சுருங்கும்போதுதான் விரிசல் விடும். அப்படி ஒரு மார்கழி விடியலில் தண்டவாளம் குறுக்கே வெடித்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்தார். விதி மனப்பாடம். கொடியைப் பிடித்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் மூன்று டெட்டனேட்டர் தண்டவாளத்தின் மேல் வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் பட்டாசு மாதிரி வெடிக்கும். அந்தச் சத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவார். அன்றைக்கும் நிறுத்தினார்.

“எக்ஸ்பிரஸ் வண்டி கண்ணு. உள்ள எந்தப் பெரிய அதிகாரி இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. சிவப்புக் கொடியைக் காட்டினா வண்டி நின்னுதான் ஆகணும். ஏண்டா நிறுத்துனன்னு அப்பறம் கேக்கலாம். நிறுத்தாதேன்னு யாரும் சொல்ல முடியாது.”

அவர் சொல்லும் இந்த ஒரு விஷயம்தான் முக்கியமானது. ரயில்வேயின் கடைசிப் படியில் நிற்கும் தொழிலாளிக்கு, ஆபத்தைப் பார்த்தால் ரயிலை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ரயில் பாதுகாப்பைப் பார்ப்பவருக்கு அது எந்த அளவுக்கு இருக்கிறது?

ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்பு பேத்திக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

“ஏனுங்க அப்புச்சி, ரயில்வே பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே வருதுன்னு போட்டிருக்கு. ரயிலுக்கும் ஏரோபிளேனுக்கும் என்னங்க சம்பந்தம்?”

பலருக்கும் வேடிக்கையாகத் தோன்றும் விஷயம் இது. பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் தனியார் கம்பெனிகள் ரயில் பாதை போட்டபோது, அவற்றைச் சோதிக்க அரசு இன்ஸ்பெக்டர்களை வைத்தது. 1890-ம் ஆண்டின் ரயில்வே சட்டம் அவர்களின் வேலையை வரையறுத்தது. 1905-ல் ரயில்வே வாரியம் வந்ததும் இந்த இன்ஸ்பெக்டர்கள் வாரியத்தின் கீழ் போனார்கள். சோதிக்கப்பட வேண்டியவரே சோதிப்பவருக்கு மேலதிகாரி ஆகிவிட்டார். இது சரியில்லை என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது. பாதுகாப்பைப் பார்ப்பவர், ரயில் நடத்துபவரிடமிருந்து தனியாக இருக்க வேண்டும் என்பது 1935-ம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலேயே இடம்பெற்றது.

1937 ஜூலையில் பீகாரில் பிட்டா என்ற இடத்தில் பெரிய விபத்து. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பாதையில் ஓடிய இன்ஜின் வகையின் மீதே சந்தேகம் எழுந்தது. அதை ஆராய வந்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இங்கிலாந்தின் தலைமை ரயில்வே இன்ஸ்பெக்டர் கர்னல் மவுன்ட். அவரும் 1939-ல் இதையே சொன்னார்: இன்ஸ்பெக்டர்களை வாரியத்திடமிருந்து பிரியுங்கள்.

1941 மே மாதம் பிரித்தார்கள். எங்கே வைப்பது? ரயில்வேயோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒரு துறை வேண்டும். அப்போது இருந்த தபால் மற்றும் விமானத் துறையிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஏற்பாடுதான் இன்றுவரை தொடர்கிறது. தலைமை ஆணையர் அலுவலகம் லக்னோவில். நம் பகுதியைப் பார்க்கும் தென் வட்ட ஆணையர் அலுவலகம் பெங்களூரில்.

“அப்படின்னா வெளியாளு இருக்காரு இல்லீங்களா?” என்றாள் பேத்தி.

இருக்கிறார். நாமக்கல் மாவட்டத்து மக்களே பார்த்திருக்கிறார்கள். சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் போகும் புதிய ரயில் பாதை 2013 மே மாதம் திறக்கப்பட்டது. புதுப் பாதையில் பயணிகளை ஏற்ற வேண்டுமானால், ஆணையர் சோதித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டம். மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவே காவிரிப் பாலம், வழியெல்லாம் புது மண் கொட்டி உயர்த்திய கரை. டிராலியில் வந்து பாலம் பாலமாக இறங்கிப் பார்ப்பார்கள். பிறகு வேகமாக ரயிலை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த நாளில் தண்டவாளத்தின் அருகே யாரும் போகாதீர்கள் என்று ஊர் ஊராக அறிவிப்பு வரும். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த பெரியவர், கேட் ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார். பெரிய இன்ஜினீயர்கள் எல்லாம் ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்ததைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம்.

எழுத முடியும், நிறுத்த முடியாது

ஆனால், புதுப் பாதைக்கு இருக்கும் இந்த அதிகாரம், ஓடிக்கொண்டிருக்கும் பாதை என்று வரும்போது மெலிந்துபோகிறது.

1989-ம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாதையோ வண்டியோ மக்களுக்கு ஆபத்தானது என்று ஆணையருக்குப் பட்டால், அவர் மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மூடுவதா, எந்த நிபந்தனையோடு ஓட்டுவது என்று உத்தரவிட வேண்டியது அரசு. விபத்தை விசாரித்து அவர் தரும் அறிக்கையும் பரிந்துரைதான். அதைச் செய்யவைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆணையத்துக்கு வரும் அதிகாரிகளும் ரயில்வே பணியிலிருந்து வருகிறவர்களே. அறிக்கை மக்கள் படிப்பதற்காக உடனே வெளியிடப்பட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

“எங்கையில இருந்த கொடி அவரு கையில இல்லைங்கற” என்றார் பெரியவர், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

இந்தக் குறையை அரசு அமைத்த குழுவே எழுதிவைத்திருக்கிறது. 2011 செப்டம்பரில் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் ஒரு உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் அது 106 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. விதி எழுதுவது, ரயில் ஓட்டுவது, கண்காணிப்பது ஆகிய மூன்றும் ரயில்வே வாரியம் ஒன்றிடமே குவிந்திருக்கின்றன என்று அது சுட்டிக்காட்டியது. வாரியத்துக்குக் கட்டுப்படாத, சட்டப்படியான ஒரு ரயில்வே பாதுகாப்பு அதிகார அமைப்பு வேண்டும் என்றது. பாதுகாப்புப் பணிகளுக்கு ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் தேவை என்று கணக்கும் போட்டது.

அடுத்த மாதமே நல்ல செய்தி வந்தது. 2012 மார்ச் 14-ல் ரயில்வே பட்ஜெட் படித்த அமைச்சர் தினேஷ் திரிவேதி, அந்தச் சுதந்திர அமைப்பை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதே பட்ஜெட்டில் கட்டணத்தையும் கொஞ்சம் ஏற்றினார். அவருடைய கட்சித் தலைமைக்கே அது பிடிக்கவில்லை. நான்கே நாளில் அவர் பதவி விலக நேர்ந்தது. பணம் பின்னர் ஒருவழியாக வந்தது. 2017-18-ல் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு ரயில் பாதுகாப்பு நிதியம் தொடங்கப்பட்டது. சுதந்திர அமைப்பு மட்டும் வரவில்லை. 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ரயில்வே திருத்தச் சட்டம் ரயில்வே வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்தது. கண்காணிப்பவருக்கான சட்டம் இன்னும் பாக்கி.

செம்மங்குப்பம் கேட்

அம்மாவுக்கு இந்தச் சட்டப் பேச்செல்லாம் தலைக்கு மேல் போனது. ஆனால், 2025 ஜூலை 8-ம் தேதி காலை டி.வி.யில் பார்த்த படம் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். கேட் கீப்பர் கைதானார்.

பெரியவருக்கு கேட் வேலையும் தெரியும். ரயில் வரும் நேரத்தில் கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடிப்பவர்கள், திட்டுபவர்கள், கல்யாணத்துக்கு நேரமாச்சு என்று கெஞ்சுபவர்கள் எல்லாரையும் பார்த்தவர்.

“கேட்டு மூடாம இருந்திருந்தா அது தப்புத்தான். அவனுக்கு நான் பரிஞ்சு பேசலை. ஆனா இன்டர்லாக் இருக்கற கேட்டுன்னா, கேட்டை மூடிப் பூட்டினாத்தான் சிக்னலே விழும். மனுசன் தூங்கினாலும் மறந்தாலும் ரயிலு அக்கட்டயே நிக்கும். அந்த கேட்டுல அது இல்லை. ஏன் இல்லைன்னு யாரைப் புடிச்சுக் கேக்கறது?”

எந்த கேட்டுக்கு இன்டர்லாக் வேண்டும் என்பதற்கு ரயில்வேயிடம் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அது 20,000-ஐத் தாண்டினால் இன்டர்லாக். செம்மங்குப்பம் விபத்துக்கு மறுநாள் ரயில்வே அமைச்சர் அந்த அளவை 10,000-ஆகக் குறைக்க உத்தரவிட்டார். கேட்களில் கேமரா பொருத்தவும் சொன்னார். நல்ல உத்தரவுகள். ஒரே நாளில் மாற்ற முடிந்த அந்த எண்ணை, அதற்கு முந்தின வருஷங்களில் யாராவது வெளியிலிருந்து, ‘இது போதாது, மாற்றுங்கள்’ என்று கட்டாயப்படுத்தியிருக்க முடியுமா? அப்படி ஒருவர் இல்லை.

ஒடிசாவின் பாலசோர் விபத்தும் இதைத்தான் சொல்கிறது. 2023 ஜூன் 2. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான பாதையில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு லெவல் கிராஸிங் அருகே சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்தில் ஒயர் இணைப்பு தவறாகிவிட்டது என்று ஆணையரின் விசாரணையில் தெரிந்தது. மனசைப் பிசைவது அதற்கு அடுத்த வரி. ஓராண்டுக்கு முன்பே, 2022 மே மாதம், அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்கரநயாபாஜ் ஸ்டேஷனில் இதே மாதிரி ஒயரிங் கோளாறு நடந்திருக்கிறது. அப்போதே பாடம் கற்றுச் சரிசெய்திருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்று ஆணையர் எழுதினார். பாலசோருக்கு நாலு மாதம் முன்பு கர்நாடகாவில் ஓசதுர்கா ரோடு ஸ்டேஷனிலும் ஒரு எக்ஸ்பிரஸ் தவறான பாதையில் போக இருந்து தப்பியது. அந்த மண்டலத்தின் உயர் அதிகாரி ஒருவரே எச்சரித்துக் கடிதம் எழுதினார். எழுதினார்கள். நிறுத்தத்தான் ஆள் இல்லை.

மாமாவின் குறுக்குக் கேள்வி

பெரியவரின் மகன், அதாவது பேத்திக்குத் தாய்மாமன், லாரித் தொழிலில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

“பிரேக் இன்ஸ்பெக்டர் இருக்கறதாலதான் லாரி மோதாம ஓடுதாக்கும்? டெல்லியில இன்னொரு ஆபீசு, இன்னும் நாலு காரு, நாப்பது நாற்காலி. அவ்வளவுதான் நடக்கும். ஆக்சிடென்ட்டு முன்னைக்கு இப்பக் குறைஞ்சுதான போச்சு?”

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ரயில்வே தரும் கணக்குப்படி, 2014-15-ல் 135 ஆக இருந்த பெரிய ரயில் விபத்துகள் 2024-25-ல் 31 ஆகக் குறைந்திருக்கின்றன. அகலப் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராஸிங்குகள் 2019 ஜனவரியோடு ஒழிந்தன. வேனும் டிராக்டரும் அடிபட்ட எத்தனையோ விபத்துகள் அதனால் நின்றன. இதையெல்லாம் செய்தது ரயில்வேதான். பெரியவரைப் போன்ற லட்சக்கணக்கான தொழிலாளர்கள்தான்.

“சரிங்க மாமா. ஆனா எந்த விபத்து பெரிய விபத்து, எது கணக்குல வராதுன்னு பிரிக்கறதும் அவங்கதானுங்களே? மார்க்கும் நானே போட்டுக்கலாம்னா நான் எந்தப் பரிட்சையிலயும் ஃபெயிலே ஆகியிருக்க மாட்டேன்” என்றாள் பேத்தி.

இன்னொரு விஷயமும் உண்டு. இதே ககோட்கர் குழு, தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறப்பதாகச் சொன்னது. ‘அத்துமீறி நுழைந்தவர்கள்’ என்று ஒதுக்கப்படுவதால் இந்தச் சாவுகள் ரயில் விபத்துக் கணக்கில் சேர்வதில்லை. மேம்பாலம் இல்லாமல், சுரங்கப்பாதை இல்லாமல், ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டும் பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டும் தண்டவாளம் தாண்டும் கிராமங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

மாமா சொன்ன மாதிரி நாற்காலி போட்டு உட்காரும் அமைப்பால் பயனில்லைதான். மற்ற நாடுகளின் அனுபவம் இங்கே உதவும். இங்கிலாந்தில் 1999 அக்டோபரில் லண்டனில் லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 31 பேர் இறந்தார்கள். நீதிபதி கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணைக்குப் பிறகு, 2005-ல் விபத்துகளை விசாரிக்க மட்டும் தனி அமைப்பு வந்தது. குற்றவாளியைத் தேடுவது அதன் வேலை கிடையாது. ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வது என்று மட்டும் கண்டறிந்து அறிக்கையை எல்லாருக்கும் வெளியிடும். விதியைப் பின்பற்றவைக்கும் அமைப்பு வேறாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்றிருந்ததை மாற்றி, 2013 ஜனவரியிலிருந்து தேசிய அளவிலான ரயில் பாதுகாப்பு ஒழுங்குமுறை அலுவலகம் செயல்படத் தொடங்கியது.

இந்தியாவுக்குத் தேவையானதைப் பெரிய வார்த்தைகள் இல்லாமலே சொல்லலாம். சொந்தச் சட்டம். ரயில்வேயிடம் கையேந்தாத நிதி. திரும்பப் போய் ரயில்வேயிலேயே பதவி உயர்வுக்கு நிற்க வேண்டியிராத அதிகாரிகள். விசாரணை முடிந்ததும் அறிக்கை மக்கள் பார்வைக்கு. பரிந்துரையை ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் பதில். அவசரமென்றால் பாதையை மூடவும் வேகத்தைக் குறைக்கவும் உத்தரவிடும் அதிகாரம். இந்தக் கடைசி விஷயம்தான் கீமேன் கையில் இருக்கும் கொடி.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது, பொறுப்பேற்று ராஜினாமா செய்தார் லால் பகதூர் சாஸ்திரி. அந்த நேர்மையை நாடு இன்னும் பேசுகிறது. பேச வேண்டியதுதான். ஆனால், விபத்துக்குப் பிறகு பதவி விலகும் நல்ல மனிதரை நம்பி மட்டும் ரயில் ஏற முடியாது. விபத்துக்கு முன்பே கேள்வி கேட்கும் ஏற்பாடு வேண்டும்.

பத்திரிகையில் வரும் சின்ன விளம்பரம்

பேத்தி வேலையில் சேரப்போகிறாள். அம்மா கடைசியில் சம்மதித்துவிட்டார், முழு மனசோடு என்று சொல்ல முடியாது. 2021 நவம்பரில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே பாறைகள் உருண்டு கண்ணூர் – யஸ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டதும், உள்ளே இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பியதும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. சேலத்துப் பக்கத்திலேயே நடந்தது அது. “அந்த டிரைவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்கதானே” என்று ஒருநாள் சமையல் வேலைக்கு நடுவே சொன்னார்.

பயிற்சிக்குக் கிளம்புகிறவளுக்குப் பெரியவர் சொன்ன புத்தி இரண்டுதான். ஒன்று, “காகிதத்துல என்ன எழுதிக் குடுத்தாலும் படிச்சுப் பாரு கண்ணு. புரியலைன்னா புரியலைன்னு சொல்லிட்டு அங்கயே நில்லு. லேட்டாகிப் போச்சுன்னு திட்டுவாங்க, திட்டட்டும்.” இரண்டாவது, யாராவது விபத்தில் மாட்டினால், நடந்ததை நடந்தபடி விசாரணையில் சொல்லத் தயங்கக் கூடாது. “நமக்கு வேண்டியவங்களா இருந்தாலும்” என்று சேர்த்துக்கொண்டார்.

பொதுமக்களுக்கும் அந்த இரண்டாவது புத்தி பொருந்தும். பெரிய ரயில் விபத்து நடந்தால் சில நாளில் பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு வரும். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் இன்ன தேதியில், இன்ன இடத்தில் விசாரணை நடத்துகிறார், விபத்து பற்றித் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் நேரில் வந்து சொல்லலாம், தபாலிலும் அனுப்பலாம் என்று இருக்கும். பலர் அதைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பயணம் செய்தவர், பக்கத்து வயலில் நின்றவர், கேட்டில் காத்திருந்தவர் சொல்லும் ஒரு வார்த்தை சில நேரம் பெரிய அதிகாரியின் கோப்பைவிட உதவும்.

“ஏனுங்கப்பா, எலெக்‌ஷனுக்கு வர்றவங்ககிட்ட இந்த ஊருல ரயிலு நிக்கோணும், அந்த ஊருல நிக்கோணும்னு மனு குடுக்கறமே. இதையும் கேக்கலாமுங்களா?” என்றார் அம்மா.

“கேக்கலாம் அம்மிணி” என்றார் பெரியவர். “யாரும் இதுவரைக்கும் கேக்கலை, அவ்வளவுதான்.”